ஆனந்த தேரரும் அவர்தம் குறைகளும்

பகவன் புத்தரின் மாணாக்கருள் பெரியோர் பலர். சாரிபுத்திரர் பேரறிவினர், மோக்கல்லானர் உளவலி மிக்கவர், மகாகாசியபர் கடுந்துறவில் தலைநின்றவர். இவர்களை நாம் வணங்குகிறோம். ஆயினும், அச்சமின்றி அருகில் சென்று நம் மனக்குறையைச் சொல்லத்தக்கவர் என்று நெஞ்சுக்குத் தோன்றுபவர் ஆனந்தர் ஒருவரே. அதற்குக் காரணம் உண்டு. மோக்கல்லானர் துறவு பூண்ட ஏழாம் நாளிலும், சாரிபுத்திரர் அரைத் திங்களிலும் அருகத நிலை எய்தினர் என்று நூல்கள் கூறும். ஆனந்தரோ நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்நிலையை அடையவில்லை. ஆசிரியரின் நிழல்போல உடனிருந்தும், அவர்தம் அறவுரைகளையெல்லாம் நெஞ்சில் ஏந்தியிருந்தும், அவர் முற்றுப்பெறாதவராகவே இருந்தார். தாம் முற்றுப்பெறாதவர் என்பதை அவரும் அறிவார், பிறரும் அறிவர், சிலர் அதனை முகத்துக்கு நேராகவே சொல்லியும் காட்டினர்.

நம் சங்கங்களில் அடிக்கடி நிகழும் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது. புதிதாகத் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்ற அன்பர் ஒருவர் சில திங்கள் தவறாமல் வருவார். பிறகு ஒரு நாள் ஏதோ ஒரு சீலத்தில் வழுவிவிடுவார். அன்று முதல் விகாரையின் பக்கமே தலைகாட்டமாட்டார். கேட்டால், தமக்கு அந்தத் தகுதி இல்லை என்பார். தருமத்தின்மீது அவருக்கு வெறுப்பு ஏதும் இல்லை; தம்மீதுதான் வெறுப்பு. தலைமுறை தலைமுறையாகத் தகுதியற்றவர் என்று பிறரால் சொல்லப்பட்டு வந்த மக்களிடத்தே இந்த நோய் இன்னும் ஆழமாக வேர் கொள்கிறது. ஊரார் சொல்லிவந்த பழியை, ஊரை விட்டு வந்த பின்னும் நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிறோம். இத்தகைய அன்பர்களை எண்ணியே ஆனந்த தேரரின் வரலாற்றை எழுதப் புகுந்தேன்.

ஆனந்தர் சாக்கியர் குலத்தவர். பகவருக்குச் சிற்றப்பன் மகன் முறை ஆனவர். மல்லர் நாட்டு அனுப்பிய என்னும் ஊரில், பத்தியர், அனுருத்தர், தேவதத்தன் முதலிய சாக்கியக் குமரர்களோடு சேர்ந்து துறவு பூண்டார். அவர்களுடன் வந்த நாவிதர் உபாலியை முதலில் துறவியாக்குமாறு அக்குமரர்களே வேண்டிக்கொண்டனர். அங்ஙனம் செய்தால் உபாலி அவர்களுக்கு மூத்தவர் ஆவார். அவரைக் கண்ட இடத்தெல்லாம் அவர்கள் எழுந்து வணங்க வேண்டியிருக்கும். சாக்கியர் என்னும் செருக்கு அதனால் தணியும். அவர்கள் கருதியது இதுவே. நம்மவர் இந்நிகழ்ச்சியை மறத்தல் கூடாது.

துறவு பூண்ட தொடக்கத்தில் ஆனந்தருக்கு அறம் உரைத்து முதற்படியில் ஏற்றியவர் புண்ண மந்தானிபுத்திரர் என்னும் தேரர். கண்ணாடியில் முகம் பார்க்கும் இளைஞனை அவர் எடுத்துக்காட்டாகக் கூறினார். கண்ணாடியைப் பற்றி நிற்பதாலேயே முகத்தின் சாயல் தெரிகிறது; அதுபோலவே உடலையும் நுகர்ச்சியையும் எண்ணங்களையும் பற்றி நிற்பதாலேயே நான் என்னும் நினைப்புத் தோன்றுகிறது. இதைக் கேட்டு ஆனந்தர் சோதாபத்தி நிலையை அடைந்தார். அந்நிலைக்குமேல் அவர் நெடுங்காலம் ஏறவில்லை. தம்மைப் பார்த்துப் பார்த்து மனம் புழுங்கும் பழக்கம் கண்ணாடியின்முன் நிற்பதே என்று அவர் அன்றே கேட்டிருந்தார். கேட்டது கைவந்தது பல்லாண்டு கழித்துத்தான்.

பகவருக்கு ஐம்பத்தைந்து வயது ஆனபோது, நிலையான பணியாளர் ஒருவர் வேண்டியிருந்தது. பெரிய தேரர்கள் பலர் முன்வந்தனர். ஆனந்தர் வாளா இருந்தார். பிறர் தூண்டிய பின்னர், எட்டு நிபந்தனைகளைச் சொல்லி ஏற்றுக்கொண்டார். பகவருக்குக் கிடைக்கும் நல்லாடையையோ நல்லுணவையோ தமக்குத் தரலாகாது; பகவரின் அறையில் தமக்கு இடம் தரலாகாது; பகவருக்கு வரும் விருந்தழைப்பில் தம்மைச் சேர்த்துக்கொள்ளலாகாது. இவை நான்கும் மறுப்புகள். தாம் ஏற்ற அழைப்புக்குப் பகவர் வர வேண்டும். தொலைவிலிருந்து வருவோரை உடனே பகவரிடம் அழைத்துச் செல்லத் தமக்கு உரிமை வேண்டும். ஐயம் தோன்றியபோதெல்லாம் கேட்க இடம் வேண்டும். தாம் இல்லாதபோது உரைத்த அறத்தைத் தமக்கு மீண்டும் உரைக்க வேண்டும். இவை நான்கும் வேண்டுகோள்கள். இவ்வெட்டையும் ஊன்றிப் பார்த்தால் ஆனந்தரின் இயல்பு விளங்கும். தமக்கென்று எதையும் கொள்ளாதவர். பிறர் நலனுக்காக எதையும் கேட்கத் தயங்காதவர். இருபத்தைந்து ஆண்டுகள் அப்பணியைச் செய்தார்.

நீர் வேட்கையுற்று ஒரு கிணற்றருகே நின்ற அவர், தீண்டத்தகாதவள் எனத் தன்னைச் சொல்லி நீர் தரத் தயங்கிய மாதங்கப் பெண்ணிடம், தாம் கேட்டது குலத்தையன்று, நீரையே என்று கூறிப் பருகிய வரலாறு வடமொழித் திவ்யாவதானத்தில் உள்ளது. 1922இல் மலையாளக் கவி குமாரன் ஆசானும், 1933இல் வங்கத்தில் தாகூரும் அதனை எடுத்துப் படைத்தார்கள். நம் இல்லங்களில் குழந்தைகளும் அறிந்த கதை ஆதலின் விரித்துரைக்கவில்லை.

இத்தகையவர் கடிந்துரைக்கப்பட்டதும் உண்டு. இராசகிருகத்தில் ஒருமுறை பகவர் வயிற்று நோயால் வருந்தினார். எள், அரிசி, பயறு மூன்றும் சேர்ந்த கஞ்சி அந்நோயைத் தணிப்பதை ஆனந்தர் முன்பே கண்டிருந்தார். தாமே அப்பொருள்களைத் தேடிக் கொணர்ந்து, உறைவிடத்திலேயே வைத்து, அங்கேயே தம் கையால் காய்ச்சிக் கொடுத்தார். பிக்குகள் உணவுப் பொருளைச் சேமித்துத் தாமே சமைத்தல் முறையன்று என்று பகவர் அதனை ஏற்காமல் கண்டித்தார். அன்பினால் செய்த செயலுக்கே கண்டனம்! நம்மில் ஒருவர் ஆயின் அன்றிரவு உறங்கியிருப்பாரா? ஆனந்தர் கண்டனத்தை ஏற்றார். மறுநாளும் பணியைத் தொடர்ந்தார்.

ஆனந்தர் ஓயாமல் கேள்வி கேட்பவர். அவர் கேட்ட இரண்டு செய்திகள் நம் பொருளுக்கு மிகவும் வேண்டியவை. நற்சீலங்களின் பயன் யாது என்று ஒருமுறை வினவினார். மனம் கழிவிரக்கமின்றி இருத்தலே அதன் பயன் என்று பகவர் விடை தந்தார்; அதிலிருந்து மகிழ்ச்சியும், மகிழ்ச்சியிலிருந்து அமைதியும், அமைதியிலிருந்து மன ஒருமையும் படிப்படியாகத் தாமே விளையும் என்றும் விளக்கினார். சீலத்தை ஒரு சவுக்காக எடுத்துத் தன் முதுகில் தானே அடித்துக்கொள்பவர் அதன் பயனையே இழந்துவிடுகிறார்.

மற்றொன்று, பிக்குணிகளின் உறைவிடத்திலிருந்து திரும்பி வந்தபோது ஆனந்தருக்கு உரைக்கப்பட்டது. உடல், நுகர்ச்சி, மனம், தருமம் என்னும் நான்கிலும் நற்கடைப்பிடியை நிறுத்திப் பழகும்போது, சில வேளைகளில் உடலில் வெப்பம் எழும். சில வேளைகளில் மனம் சோரும், அல்லது வெளியே சிதறும். அப்போது வலிந்து போராடாமல், உள்ளத்துக்குத் தெளிவு தரும் நல்லதொன்றில் மனத்தைச் சிறிது செலுத்துக. அது குளிர்ந்து அடங்கிய பின், செலுத்துவதையும் விட்டு, உள்ளே நினைவோடு இனிதிருக்கிறேன் என்று உணர்க. இவ்விருவகைப் பயிற்சியையும் பகவர் ஆனந்தருக்கு விளக்கிய பின், மரநிழல்கள் இருக்கின்றன, சென்று தியானம் செய்க என்று கூறி முடித்தார். நற்கடைப்பிடி என்றால் தன்னையே காவல் காக்கும் கொடிய சேவகன் ஒருவனை உள்ளே அமர்த்துவது என்று சிலர் கருதுகின்றனர். பகவர் கற்பித்தது அவ்வாறு இல்லை.

ஆயினும் பிறர் துயரைக் கண்டால் ஆனந்தருக்கு மரநிழல் மறந்துவிடும். மகாபிரஜாபதி கௌதமியார் கால்கள் வீங்க, புழுதி படிந்த உடலோடு வைசாலிக்கு நடந்து வந்து வாயிலில் அழுது நின்றபோது, அவருக்காகப் பகவரிடம் மும்முறை வேண்டியவர் ஆனந்தர். வேண்டுதல் பலிக்காமற் போகவே, பெண்கள் இவ்வறத்தில் துறவு பூண்டால் நான்கு நிலைகளையும் அடையவல்லவரா என்று வேறு வழியாக வினவினார். வல்லவரே என்று பகவர் சொல்லவே, அப்படியானால் வளர்த்த தாய்க்கு வழி திறக்கலாகாதா என்று வாதாடி இசைவு பெற்றார். பிக்குணிச் சங்கம் இவ்வாறு தோன்றியது.

பிறகு முதுமை வந்தது. பகவர் மறைவதற்குச் சில திங்களுக்கு முன் சாரிபுத்திரர் மறைந்தார். அவருடைய திருவோடும் ஆடையும் வந்து சேர்ந்தபோது ஆனந்தரின் உடல் தளர்ந்தது, திசைகள் புலப்படவில்லை, கற்ற அறமும் நினைவுக்கு வரவில்லை. இதை அவரே பகவரிடம் ஒளிக்காமல் சொன்னார். சாரிபுத்திரர் தம்மோடு உம்முடைய சீலத்தையும் அறிவையும் எடுத்துச் சென்றுவிட்டாரோ என்று பகவர் கனிவோடு கேட்டார். ஒவ்வொருவரும் தமக்குத் தாமே தீவாக, நற்கடைப்பிடி நான்கையும் பற்றி வாழ வேண்டும் என்றார்.

வைசாலியில் சாபாலம் என்னும் கோயிலில் நடந்தது இன்னும் கடினமானது. ததாகதர் விரும்பினால் நீண்ட காலம் வாழ்தல் கூடும் என்று பகவர் மும்முறை குறிப்பாக உணர்த்தினார். உலக நலனுக்காக நீடித்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள ஆனந்தருக்குத் தோன்றவில்லை. பின்னர், இன்னும் மூன்று திங்களில் மறைவதாகப் பகவர் அறிவித்தபின், அவர் பதறி வேண்டினார். காலம் கடந்துவிட்டது. இராசகிருகத்தில் பத்து இடங்களிலும் வைசாலியில் ஆறு இடங்களிலும் இக்குறிப்பைத் தந்ததாகவும், தவறு ஆனந்தருடையதே என்றும் பகவர் எடுத்துக் கூறினார் என்று மகாபரிநிப்பான சூத்திரம் சொல்கிறது. உயிர் நீட்டிப்பைப் பற்றிய இச்செய்தியை இக்காலத்து அறிஞர் சிலர் பிற்சேர்க்கை என்பர். அது எவ்வாறாயினும், தம் கவனக்குறைவால் ஆசிரியரை இழந்தோம் என்னும் பாரம் அக்கிழவரின் தோள்மேல் ஏற்றப்பட்டதை மரபு மறைக்கவில்லை.

குசிநகரத்தில், இரட்டைச் சால மரங்களின் நடுவே பகவர் படுத்திருந்த வேளையில், ஆனந்தரைக் காணவில்லை. அவர் உறைவிடத்துட் சென்று, கதவு நிலையைப் பற்றிக்கொண்டு, தாம் இன்னும் கற்க வேண்டியவராகவே இருக்கிறோமே, இரக்கம் காட்டிய ஆசிரியரோ மறைகிறாரே என்று அழுது நின்றார். பகவர் ஆள் அனுப்பி அழைத்தார். அழுததற்காகக் கடியவில்லை. நெடுங்காலமாக உடலாலும் சொல்லாலும் உள்ளத்தாலும் அளவற்ற அன்போடு பணி செய்ததை நினைவூட்டினார். முயற்சியில் நின்றால் விரைவில் விடுதலை எய்துவது உறுதி என்றார். பிறகு கூடியிருந்த பிக்குகளிடம் ஆனந்தரின் நற்பண்புகளை எடுத்துப் புகழ்ந்தார். குசிநகரத்தில் 1876இல் தோண்டியெடுக்கப்பட்ட, இருபதடி நீளமுள்ள பரிநிர்வாணச் சிலையின் பீடத்தில் துயருற்ற சிறு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றை ஆனந்தர் என்று பலர் கொள்வர். அங்குச் செல்லும் அன்பர்கள் பகவரின் திருமுகத்தை வணங்கிய பின், சற்றுக் குனிந்து அவ்வுருவத்தையும் பார்த்து வருக.

பகவர் மறைந்தது, மரபுக் கணக்கின்படி கி.மு. 544. அதன்பின் ஆனந்தர் பகவரின் திருவோட்டையும் ஆடையையும் ஏந்திச் சாவத்திக்குச் சென்றார். ஜேதவனத்தில் பகவர் வாழ்ந்த அறையைத் திறந்து, வாடிய மலர்களை அகற்றிப் பெருக்கி, கட்டிலையும் இருக்கையையும் சீர்செய்து, நீர் எடுத்து வைத்து, இது நீராடும் நேரம் அல்லவா, இது அறம் உரைக்கும் நேரம் அல்லவா என்று வெற்றறையை நோக்கிப் பேசினார் என்று உரையாசிரியர் புத்தகோசர் எழுதுகிறார். உடல் கெட்டு மருந்தும் உட்கொள்ள நேர்ந்தது. புத்தகோசர் ஈழத்து அனுராதபுரத்தில் இருந்து எழுதியவர். நம் காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர். அவர் எழுதியவற்றுள் இவ்விடத்தைப் போல உருக்கமான இடம் வேறொன்றை நான் படித்ததில்லை.

இந்நிலையில் மகாகாசியபர் முதற் சங்கத்தைக் கூட்டினார். இராசகிருகத்து வேபாரமலையில், சத்தபண்ணிக் குகையருகே, மழைக்காலத்தில் ஐந்நூறு அருகதர் கூடிப் பகவரின் அறவுரைகளைத் தொகுப்பது என்று முடிவாயிற்று. நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எஞ்சிய ஓரிடம் யாருக்கு? அறவுரைகள் அனைத்தையும் அறிந்தவர் ஆனந்தர். அவரின்றிச் சங்கம் நடவாது. ஆனால் அவர் அருகதர் அல்லர். பிக்குகள் வேண்டிக்கொள்ளவே காசியபர் அவரையும் சேர்த்துக்கொண்டார். கூட்டத்தில் ஒருவரிடம் மட்டும் இன்னும் பச்சை வாடை வீசுகிறதே என்று சில பிக்குகள் சாடையாகப் பேசினர். ஆனந்தர் அதன் பொருளை உணர்ந்தார்.

சங்கம் கூடுவதற்கு முந்திய இரவு. குறைநிலையோடு நாளை அவைக்குச் செல்வது தகாது என்று எண்ணி, ஆனந்தர் உடல்மேல் நற்கடைப்பிடியை நிறுத்தி உலாவத் தொடங்கினார். இரவின் பெரும்பகுதி கழிந்தது. ஒன்றும் விளையவில்லை. விளையாததன் காரணம் எளிது. ஒரே இரவுக்குள் முடித்தாக வேண்டும், முடியாவிடில் அவமானம். இந்த நெருக்கடியில் அவர் அடி எடுத்து வைத்த ஒவ்வொரு முறையும் நாற்பதாண்டுக் கணக்கு உள்ளே கூடிக்கொண்டிருந்திருக்கும் அல்லவா? தியானத்துக்குத் தடையான ஐந்தனுள் ஒன்றாக மனப்பரபரப்பையும் கழிவிரக்கத்தையும் பகவர் இணைத்தே வைத்தார். செய்த தவறை எண்ணி எண்ணி உழல்வது நற்செயல் அன்று. அதுவும் காமத்தைப் போல, வெகுளியைப் போல, ஒரு தடையே.

விடியற்பொழுதில் ஆனந்தர் நின்று எண்ணிப்பார்த்தார். விரைவில் விடுதலை எய்துவாய் என்று பகவர் சொன்னது நினைவுக்கு வந்தது. பகவரின் சொல் பொய்க்காது. அப்படியானால் குறை எங்கே? முயற்சி அளவுக்கு மீறி முறுகிவிட்டது. அதனால் மனம் பரபரக்கிறது. நன்முயற்சியை நல்லமைதியோடு சமமாக்க வேண்டும். இதைக் கண்டதும் அவர் தம்மைப் பழித்துக்கொள்ளவில்லை. உலாவும் இடத்திலிருந்து இறங்கினார். கால் கழுவினார். அறைக்குள் சென்று கட்டிலில் அமர்ந்தார். சற்றே இளைப்பாறலாம் என்று உடலைச் சாய்த்தார். நற்கடைப்பிடி அப்பொழுதும் நீங்கவில்லை. நீங்கியது வேட்கை மட்டுமே. கால்கள் நிலத்தை விட்டு எழுந்தன. தலை இன்னும் தலையணையில் படவில்லை. அந்த இடைவெளியில் அவர் உள்ளம் முற்றும் விடுதலை பெற்றது. நிற்றல், நடத்தல், இருத்தல், கிடத்தல் என்னும் நான்கனுள் எதிலும் அடங்காமல் அருகதர் ஆனவர் ஆனந்தர் என்பது மரபு.

மறுநாள் அவர் அவைக்கு வந்த விதத்தை அற்புதமாகக் கூறுவோர் உண்டு. நமக்கு அதில் நாட்டமில்லை. வந்தார், தமக்கென விடப்பட்டிருந்த இடத்தில் அமர்ந்தார். முதலில் உபாலி வினயத்தை உரைத்தார். நாவிதராயிருந்து சாக்கியருக்கு மூத்தவரானாரே, அவரே. பிறகு ஆனந்தர் அறவுரைகளை ஒன்றன்பின் ஒன்றாக உரைத்தார். சூத்திரங்கள் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் இவ்வாறு கேட்டேன் என்று வருவது அவர் குரல் என்றே மரபு கொள்கிறது.

இவ்வளவும் முடிந்த பின்பே அந்த வழக்கு எழுந்தது. மூத்த பிக்குகள் அவர்மீது ஐந்து குற்றங்களைச் சாட்டினர். சிறு விதிகளைச் சங்கம் நீக்கிக்கொள்ளலாம் என்று பகவர் சொன்னபோது, அவை எவை என்று கேட்டுக்கொள்ளவில்லை. பகவரின் மழைக்கால ஆடையைக் காலால் மிதித்துக்கொண்டு தைத்தார். பகவரின் திருமேனியை முதலில் பெண்கள் வணங்கச் செய்தார். அவர்கள் கண்ணீர் அதன்மேல் பட்டது. நீண்டகாலம் வாழுமாறு பகவரை வேண்டவில்லை. பெண்கள் துறவு பூணப் பாடுபட்டார். நாம் ஆனந்தரின் தலையாய புகழாகக் கருதும் செயலும் இப்பட்டியலில் இருப்பதைக் காண்க. காசியபர் குழுவினர் பொறாமையால் இதைச் செய்தனர் என்று எழுதுவோருடன் நான் முழுதும் உடன்படவில்லை. ஆசிரியரை இழந்த சங்கம், ஒழுங்கு குலையுமோ என்று அஞ்சியது. அச்சம் எளிதில் குற்றம் தேடும்.

முந்திய நாளாக இருந்திருந்தால் இவ்வைந்தும் அவரை நொறுக்கியிருக்கும். அன்று அவர் ஒவ்வொன்றுக்கும் அமைதியாக மறுமொழி தந்தார். சிறு விதிகளைக் கேட்காதது நினைவின்மையால். ஆடையை மிதித்தது அவமதிப்பால் அன்று. பெண்களை முதலில் வணங்கவிட்டது, அவர்கள் இரவில் வழியில் அகப்பட வேண்டாம் என்பதற்காக. நீடு வாழ வேண்டாதது, மாரனால் மனம் மயங்கியிருந்தமையால். பெண்களுக்காக முயன்றது, பகவரின் தாய் மறைந்தபின் பாலூட்டி வளர்த்தவர் கௌதமியார் என்பதால். இவற்றைச் சொல்லி, இவற்றில் தாம் குற்றம் காணவில்லை என்றும், ஆயினும் பெரியோர்மீது கொண்ட மதிப்பினால் குற்றம் என ஒப்புக்கொள்வதாகவும் ஐந்து முறையும் கூறினார். செய்யாத குற்றத்தைத் தமதென்று உள்ளத்தால் ஏற்கவும் இல்லை. சங்கத்தோடு பிணங்கி வெளியேறவும் இல்லை.

காசியபரோடு உரசல் அத்துடன் தீர்ந்ததா என்றால், சொல்வதற்கில்லை. ஆனந்தரின் இளம் மாணாக்கர் முப்பதின்மர் துறவைக் கைவிட்டு இல்லறம் திரும்பியபோது, காசியபர் அவரைச் சிறுவன் என்று அழைத்துக் கடிந்ததாகச் சம்யுத்த நிகாயம் கூறும். தலை நரைத்த பின்னும் சிறுவன் என்னும் பெயர் தம்மை விடவில்லையே என்று ஆனந்தர் சொன்னாராம். அதில் கசப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சிறிது நகைச்சுவை இருக்கிறது.

சங்கம் முடிந்ததும் ஒரு கடினமான பணி அவரிடமே தரப்பட்டது. பகவரின் தேரோட்டியாயிருந்து துறவு பூண்ட சன்னர், அந்தப் பழைய உறவின் செருக்கால் எவர் சொல்லுக்கும் அடங்காதவர். அவருக்குப் பிரமதண்டம் விதிக்குமாறு பகவர் இறுதியில் சொல்லியிருந்தார். அதாவது, அவர் எதைப் பேசினாலும் பிக்குகள் அவரோடு பேசுதலும் அறிவுரை கூறுதலும் கூடாது. முரடரான அவரிடம் இதைத் தனியே சென்று சொல்ல இயலாது என்று ஆனந்தர் தயங்கவே, பல பிக்குகள் உடன் சென்றனர். படகேறிக் கோசாம்பிக்குப் போனார்கள். வழியில் உதேன மன்னனின் தேவியர் அவர் உரைத்த அறம் கேட்டு ஐந்நூறு ஆடைகள் அளித்தனர். இத்தனை ஆடைகள் எதற்கு என்று மன்னன் ஐயுற்றுக் கேட்டான். கந்தல் உடுத்த பிக்குகளுக்குப் பகிர்வோம். அவர்களின் பழைய ஆடை விரிப்பாகும். பழைய விரிப்பு மெத்தையுறையாகும். அது நைந்தால் கால்மிதியாகும். அதுவும் நைந்தால் சேற்றோடு குழைத்துத் தரை மெழுகுவோம் என்று ஆனந்தர் விடை கூறினார். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு அளித்தான்.

கோசிதாராமத்தில் சன்னரைக் கண்டு தண்டத்தை அறிவித்தபோது, அம்முரடர் அங்கேயே மயங்கி விழுந்தார். எவரும் பேசாத வாழ்வு தமக்கு அழிவே என்று கலங்கினார். பின்னர் தனியே ஒதுங்கி, விழிப்போடு முயன்று, அருகதர் ஆனார். ஆகியும், தண்டம் தம்மீது இன்னும் இருக்கிறது என்றே எண்ணி, ஆனந்தரிடம் வந்து அதை நீக்கித் தருமாறு வேண்டி நின்றார். அருகத நிலையை எய்திய அக்கணமே தண்டம் நீங்கிவிட்டது என்று ஆனந்தர் அவருக்குச் சொன்னார்.